எல்லார் பேரிலும் ஒரிக்கல்

எங்கள் தெருவில் யாருக்காவது ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் முதலில் அக்காவிடம் போவார்கள். கோயில், வக்கீல், டாக்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான். அவளுக்கும் ஒரு பெயர் உண்டு, ஆதார் அட்டையில் இருந்தது. மட்டாஞ்சேரியில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்கிற எங்கள் தெருவில் தலை நரைத்த ஆண்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். மலையாளிகளுக்குச் சேச்சி. ஐம்பதைத் தொட்டிருந்தாளா என்பதே எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

“யாரு பேருக்கு? என்ன நட்சத்திரம்? எந்தக் கிழமை வேணும்?” என்று கேட்பாள். சினிமாத் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிறவள் கேட்பதுபோல இருக்கும். வந்தவர்கள் சொல்வார்கள். கண்ணை மூடி ஒரு நிமிஷம் மனசுக்குள் எதையோ நகர்த்தி இடம் பண்ணுவாள். பிறகு, “ஏத்துக்கிட்டேன். நீ போய் சோறு தின்னு.”

ஏற்றுக்கொண்டது பட்டினியை. ஒரிக்கல் என்பது இந்தப் பக்கத்து விரதம். நாளுக்கு ஒரு வேளைதான் அரிசிச் சோறு, அதுவும் உச்சிவேளையில். மற்ற நேரமெல்லாம் பழம், சாயா. மீனும் முட்டையும் கிடையாது. சாதாரணமாக ஜனங்கள் தங்களுக்காகவோ கட்டியவனுக்காகவோ பெற்ற பிள்ளைக்காகவோ இதை எடுப்பார்கள். அக்கா ஊருக்காக எடுத்தாள். பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு ஒரு திங்கள், துபாய் விசாவுக்குச் செவ்வாய்கள், சொத்து வழக்குக்கு ஒரு மாதம் முழுக்க. காலையில் ஜோலிக்குப் போகிற வழியில் கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, அன்றைய ஆளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சத்தமாகச் சொல்லுவாள். உள்ளே இருப்பவர் குறித்துக்கொண்டார் என்ற திருப்தி வந்ததும் பஸ் பிடிக்க ஓடுவாள்.

ஜோலி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். கண் பரிசோதனை முடிந்து வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக்கொடுப்பது, காதில் உட்காரும்படி வளைத்துக் கொடுப்பது. “உங்க முகமே வட்டம், அதுக்கு மேல ஒரு வட்டம் வேண்டா” என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். வாங்க வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போனதாக நினைவில்லை.

எல்லா வேண்டுதலையும் அவள் எடுத்துவிட மாட்டாள். லாட்டரி, எலெக்‌ஷன், மருமகள் பிறந்தவீட்டோடு சண்டை போட வேண்டும் என்பது மாதிரி ஆசைகள், எல்லாம் தள்ளுபடி. “அதுக்கெல்லாம் பட்டினி கிடக்க நான் என்ன முட்டாளா?” என்பாள். ஆனால் எடுத்துவிட்டால் கதை வேறு. ரிசல்ட் வந்ததா, குழந்தை பிறந்ததா என்று அவளுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்ல மறந்தவர்கள் வீட்டு வாசலில் நின்று கத்துவாள். இன்ஜினியரிங் படித்த எதிர்வீட்டுப் பையன் அரியர் பேப்பரில் இரண்டாவது தடவையும் விழுந்தபோது தெருவே கேட்கும்படி விசாரணை நடந்தது.

“டேய், நான் பட்டினி கிடந்தது உன் கணக்குப் பேப்பருக்கா, உன் மொபைலுக்கா?”

“கொஸ்டியன் கடினம் அக்கா.”

“எனக்கு மட்டும் என்ன, பழம் எளுப்பமா? மூணு வாரம் பூவன்பழம் தின்னு தொண்டையெல்லாம் பழம். அடுத்த வாட்டி நீ தோத்தா நான் உன் வீட்டுல வந்து உக்காந்து பிரியாணி தின்னுவேன், பாத்துக்கோ.”

அடுத்த தடவை அவன் ஜெயித்தான். படித்தானா, பயந்தானா, அக்காவின் திங்கள்கிழமைகள்தானா, தெரியாது. தெருவுக்குச் சந்தேகமே இல்லை.

என் பெயரிலும் ஒன்று எடுத்திருக்கிறாள். கார்டியாக் டெக்னாலஜி கடைசி வருஷப் பரீட்சைக்கு. அம்மா கேட்டுக்கொண்டது. அன்றைக்குப் பரீட்சை முடிந்து நானும் தோழிகளும் எர்ணாகுளத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தோம். வீட்டுக்கு வரும்போது அக்கா வாசலில் சாயாவோடு நின்றுகொண்டிருந்தாள். “எப்படி இருந்துச்சு பிரியாணி?” என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்கோ கண்ணெல்லாம் சிரிப்பு. “வாய தொறந்து சொல்லுடீ. நான் கிடந்ததே நீ திங்கத்தானே?”

தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ராவுத்தரும் ஒரு தடவை வந்து நின்றாராம். மகளுக்குப் பிரசவம் சிக்கல் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டிலும் பேச்சு தமிழ்தான், தொழுகை ஐந்து வேளை. “அக்கா, எங்களுக்கு நட்சத்திரமெல்லாம் கிடையாது” என்று தயங்கியிருக்கிறார். “பரவால்ல, கடைப் பேரைச் சொல்லிக்கிறேன்” என்றிருக்கிறாள் இவள். கோயில் வாசலில் ஒரு மளிகைக்கடையின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டவள் கொச்சியில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். பேரன் பிறந்தான். “அக்கா பசியில பிறந்தவன்” என்று ராவுத்தர் அவனை எல்லாரிடமும் அறிமுகப்படுத்துவார்.

ஒருமுறை நான் நேராகவே கேட்டேன், ஏன் இப்படி என்று. ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு பதில் சொல்லுகிறவள். எனக்குச் சொன்னது இது: “ஒருத்தன் பணம் குடுப்பான், ஒருத்தன் ரத்தம் குடுப்பான். எங்கிட்ட என்ன இருக்கு? எனக்குப் பசி தாங்கும். அதைக் குடுக்கறேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “பின்னெ, எனக்கு யாருக்கிட்டயும் ஒண்ணும் கேட்கப் பிடிக்காது” என்றாள். இரண்டாவது வாக்கியத்தை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

இத்தனைக்கும் அவளைப் பார்த்தால் பட்டினிக்காரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். நல்ல கனத்த உடம்பு. பூசின கன்னம். சர்க்கரை தூக்கலான சாயாவும் வாழைப்பழமும் வறுத்த கப்பைக்கிழங்கும் ஒரு நேரச் சோற்று மலையும் வருஷக்கணக்காகச் சேர்ந்து அவளைப் பெருக்க வைத்திருந்தன. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும். விரலால் அழுத்திக் குழி விழுவதைக் காட்டி, “பாரு, உள்ளே பஞ்சு மெத்தை” என்பாள். எலும்பும் தோலுமாக இருந்தால்தான் சத்துக் குறைவு என்று எல்லாரையும்போலத்தான் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. பிரிவில் வேலை கிடைத்த புதிது. துடிப்பென்றால் எனக்கு அப்போது பைத்தியம், இப்போதும்தான். காகிதத்தில் அந்த மேடும் முனையும் பள்ளமும் ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க நிற்பேன். வீட்டுக்கு வந்து அம்மா, அப்பா, பால்காரர் எல்லார் மணிக்கட்டையும் பிடிப்பேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கையைப் பிடித்தேன். அவளே நீட்டினாள்.

“உள்ள ஒண்ணு துள்ளிக்கிட்டே இருக்குடீ. கூடையில போட்ட மீன் மாதிரி. கடையில ஃபிரேம் வளைக்கிறப்ப கை ஆடுது.”

விரலை வைத்தேன். சின்னதாக ஒன்று, வேகமாக இரண்டு, ஒரு இடைவெளி, பிறகு படபடவென்று நாலைந்து. எதற்கும் எதற்கும் சம்பந்தமில்லை. தாளம் தப்பியது என்று சொல்லக்கூட முடியாது, தாளமே அங்கே இல்லை. மறுநாள் அவளை எங்கள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். காகிதத்தில் ஒவ்வொரு முனைக்கும் முன்னால் வரவேண்டிய சின்ன மேடு இல்லை. அந்த இடத்தில் காற்று பட்ட தண்ணீர்போல ஒரு நடுக்கம் மட்டும். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே உதறிக்கொண்டிருந்தன.

மாத்திரையில் கொஞ்ச நாள் பார்த்தார்கள். அடங்கவில்லை. பிறகு டாக்டர் அடுத்த வழியைச் சொன்னார். தொடை இடுக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயத்துக்குள் அனுப்பி, நுரையீரலிலிருந்து ரத்தக் குழாய்கள் வந்து சேர்கிற வாயைச் சுற்றிச் சூடு வைப்பது. கலகம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதைச் சொல்லிக்கொண்டே ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் புரட்டியவர் சட்டென்று நிறுத்தினார். என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண், இடக்கொச்சிக்காரி.

“சேச்சி இந்நு எந்தா கழிச்சே?” என்று கேட்டார். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று.

“சாயா.”

“நேற்று?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விசா, வழக்கு, பிரசவம், கணக்குப் பேப்பர். டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தத்தில் புரதம் இருக்கவேண்டிய அளவுக்கு வெகு கீழே இருக்கிறது, இரும்பும் மக்னீசியமும் அப்படியே, இந்தக் கனம் சதை இல்லை, பாதி நீர் என்றார். பிறகு மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். நான் தமிழில் சொல்கிறேன்: “சூடு வைக்கிறதுதான் எங்க வேலை. வச்ச புண்ணை ஆத்தி வடுவாக்கறது உங்க உடம்போட வேலை. அந்த வடுதான் வேலி. சோறும் மீனும் முட்டையும் பயறும் இல்லாம உடம்பு எதை வச்சு வேலி கட்டும்? நல்லாச் சாப்பிட்டவங்களுக்கும் சிலருக்கு இது திரும்பி வரும். சாப்பிடாதவங்களுக்கு வர்ற வாய்ப்பு கூடுதல். அதனால முதல்ல சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் தேதி தர்றேன்.”

வெளியே வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: “கையில ஏத்தெடுத்தது கொஞ்சம் பாக்கி இருக்கே, அதை முடிச்சிட்டுத் தின்னா போராதா?”

போதாது என்று நான் வீடு வீடாக ஏறி வேண்டுதல்களைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லாரும் சங்கடத்தோடு வாங்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக் கமலம் மட்டும் நம்பவில்லை. அக்காவின் வேண்டுதலால் சொந்த வீடு கிடைத்தவள் கமலம், தெருவில் எது நடந்தாலும் முன்னால் நிற்பவள். “ஹார்ட் கேஸுக்குச் சாப்பாட்டைக் குறைக்கத்தானே சொல்லுவாங்க? இவங்களைப் பாத்தா சத்துக் குறைஞ்ச ஆளு மாதிரியா இருக்கு? நீ சரியாக் கேட்டியாடீ?”

“சரியாத்தான் கேட்டேன் கமலத்தக்கா.”

அக்கா சாப்பிட ஆரம்பித்தாள். அதைப் பார்க்க வேண்டுமே! முதல் நாள் அம்மா மத்தி வறுத்துக் கொண்டுபோய் வைத்தபோது பரீட்சை எழுதுகிறவள்போல உட்கார்ந்தாள். ஒரு துண்டு வாயில் போனதும் முகம் மாறியது. முள்ளைக்கூட விடாமல் சப்பினாள். “இத்தனை வருஷம் இந்த மத்தி எங்கடீ இருந்துச்சு?” என்று அம்மாவைக் கேட்டாள். காலையில் முட்டை, மத்தியானம் பயறும் மீனும், ராத்திரி கஞ்சியும் தயிரும். சில வாரங்களில் கணுக்கால் வீக்கம் இறங்கியது. எடையும் இறங்கியது, நீர் போன எடை. கமலம் அதைப் பார்த்து, “தின்னத் தின்ன மெலியறாங்க, என்ன வைத்தியமோ!” என்றாள். அடுத்த ரத்தப் பரிசோதனை தேறியது. டாக்டர் தேதி கொடுத்தார்.

தேதி தெருவுக்குத் தெரிந்தது. அங்கேதான் எல்லாம் திரும்பியது.

இதயத்துக்குள் சூடு வைக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் ஜனங்கள் வாசலுக்கு வாசல் கூடிவிட்டார்கள். அக்காவுக்காக என்ன செய்வது? வேறென்ன செய்யத் தெரியும்? கமலம் ஏற்பாடு செய்தாள். வீட்டுக்கு ஒருவர் அக்கா பேரில் ஒரிக்கல். ஆபரேஷன் முடிந்து அவள் நன்றாக ஆகும்வரை. அவளுக்குத் தெரியக்கூடாது. அரியர் பையன்கூட எடுத்தான். ராவுத்தர், “நான் திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிறேன், அதை அக்காவுக்கு வச்சுக்குங்க” என்றார். எனக்கு இது தெரியவந்தபோது கமலத்திடம் போய்ச் சண்டை போட்டேன்.

“டாக்டர் சாப்பிடத்தானே சொன்னாங்க?”

“அவங்களைத்தானே சாப்பிடச் சொன்னாங்க? அவங்க சாப்பிடட்டும். நாங்க கிடக்கறோம். அவங்க எங்களுக்குச் செஞ்சது இதுதானே மோளே, இதுல என்ன தப்பு?”

தப்பு எங்கே என்று எவ்வளவு தேடியும் எனக்கு அகப்படவில்லை.

ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிற சேட்டன்தான் உடைத்துவிட்டார். அக்கா வாசலில் நிறுத்தி, மத்தி நிறுத்துப் போட்டுக்கொண்டே, “இந்தத் தெருவில இப்போ மீன் வாங்குறது சேச்சி மாத்திரம். மத்தவங்களெல்லாம் சேச்சிக்காக விரதமாமே, எனக்குக் கச்சவடமே போச்சு” என்று வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அக்கா மீனை வாங்கி உள்ளே வைத்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எங்களிடம் ஒன்றும் காட்டவில்லை.

சூடு வைத்தது குறித்த நாளில் நடந்தது. நன்றாகவே நடந்தது. அறைக்கு வெளியே திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த நடுக்கம் அடங்கி, சின்ன மேடுகள் ஒவ்வொன்றாகத் தம் இடத்தில் வந்து நின்றதை. எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. முதல் சில வாரம் துள்ளினாலும் பயப்படாதீர்கள், புண் ஆறுகிற காலம், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். அம்மா தினமும் டிஃபன் கட்டிக் கொடுத்தாள். அக்கா அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது.

தொடையில் குழாய் நுழைத்த இடத்துப் புண் ஆறத் தாமதமாயிற்று. கணுக்கால் மறுபடி குழி விழுந்தது. அந்தச் சமயத்தில் அப்பாவின் கண்ணாடியை வாங்க நான் அவள் கடைக்குப் போனேன். அக்கா வங்கிக்குப் போயிருந்தாள். லென்ஸ் பொருத்துகிற ஆள் என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

“நீதானே அந்த டிஃபன் வீட்டு மோளு? உங்க அம்மா வைக்கிற மீன்கறி இருக்கே... கொள்ளாம்! என் வீட்டுக்காரிகிட்ட தினமும் இதைச் சொல்லித் திட்டு வாங்கறேன்.”

கண்ணாடியை வாங்காமலே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். அக்கா வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“எத்தனை நாளா அக்கா?”

“மீன்காரன் சொன்ன நாள்லேர்ந்து.”

“உங்களுக்குப் பைத்தியமா? அவங்க உங்களைத் திங்கச் சொல்லித்தானே கிடக்கறாங்க?”

“இறங்கலடீ.” தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். “எதிர்வீட்டுப் பையன் வளர்ற பையன். காலையில வெறும் சாயா குடிச்சிட்டுப் போறான். கமலத்துக்குச் சுகர். என் பேரைச் சொல்லித்தான் எல்லாரும் வயித்தைக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க. அப்ப நான் மீனை எடுத்து வாயில வச்சா... கல்லு மாதிரி இருக்கு.”

“அவங்களுக்காக நீங்க கிடந்தப்போ அவங்க சாப்பிட்டாங்களே! நான் பிரியாணி தின்னேனே!”

“நீங்களெல்லாம் நல்லவங்க” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. எங்களிடம் ஏதோ ஒரு திறமை இருப்பதாகவும், அது அவளுக்கு வாய்க்கவில்லை என்பதாகவும் சொன்னாள்.

ஆறுகிற காலம் முடிந்தும் நெஞ்சுக்குள் அந்த மீன் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. காகிதத்தை நான்தான் எடுத்தேன். சின்ன மேடுகள் போயிருந்தன. வேலியில் எங்கோ திறந்திருக்கிறது, இரண்டாவது தடவை செய்யவேண்டும் என்றார் டாக்டர். இதயம் ஓடி ஓடிக் களைத்திருந்தது, சும்மா விட்டுவைக்கவும் முடியாது. முதல் தடவை சொன்னதையே மறுபடி சொன்னார்: சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

தெருவில் நான் போட்டு உடைத்தேன். கமலம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றே எல்லா ஒரிக்கலும் நின்றது. அது போதாதென்று அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அக்கா நம்பவேண்டும் அல்லவா? மத்தியானம் ஆளுக்கொரு பாத்திரத்தோடு அவள் வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தார்கள். அவள் கண்ணெதிரே எல்லாரும் சாப்பிடுவது. கமலம் மீன் தலையைக் கையிலெடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்து, “பாருங்க, பாத்துக்கிட்டே இருங்க” என்று கடித்தாள். அரியர் பையன் இரண்டாம் தடவை சோறு கேட்டான். அக்கா சிரித்தாள். உருட்டி ஒரு வாய் வைத்தாள். இன்னொன்று வைத்தாள். பிறகு தலை நிமிர்ந்து அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ராவுத்தரு எங்க?”

மாசிமாத வெயில். ரமலான் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன.

“அது உங்களுக்கான நோன்பு இல்ல அக்கா. ரமலான். ஊர்ல அவங்க எல்லாரும் வைக்கிறது” என்றேன்.

“எனக்குத் தெரியாதா ரமலான்?” என்றாள். கை தட்டிலேயே நின்றது. “அவரைக் கூப்பிடு.”

ராவுத்தர் வந்து வாசலில் நின்றார். உதடு காய்ந்திருந்தது. “சத்தியமா இது படைச்சவனுக்கு அக்கா. உங்களுக்கில்ல. நீங்க சாப்பிடுங்க.”

“சரி. நோன்பு திறக்கறப்ப படைச்சவன்கிட்ட துஆ கேப்பீங்களே. அதுல நான் உண்டா?”

அவர் தரையைப் பார்த்தார். “உண்டு” என்றார்.

அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். “வெறும் வயித்தில இருந்துக்கிட்டு அவரு எனக்காகக் கேக்கறாரு. நான் நிறை வயித்தோட கேட்டுக்கிட்டு இருக்கறதா? பாங்கு சொல்லட்டும். நானும் அப்ப தின்னுக்கறேன். திங்காமலா போறேன்?”

அம்மாவும் நானும் அன்று சாயங்காலமே ராவுத்தர் கடைக்குப் போனோம். துஆவில் அக்காவை விட்டுவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று அம்மா கெஞ்சினாள்.

“நோன்பு வச்ச வாயால பொய் சொல்லச் சொல்றியாம்மா?”

“அப்போ நிஜமாவே நிறுத்திடுங்க” என்றேன் நான். “கேக்காதீங்க. அப்புறம் பொய் இல்லையே.”

அவர் என்னையே பார்த்தார். தராசுத் தட்டைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த தட்டு. “அதெப்படி மோளே நிறுத்தறது?” என்றார்.

அப்படியே அந்த மாதம் ஓடிக்கொண்டிருந்தது. சூரியன் இறங்கிப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டதும் அக்கா கடை வாசலுக்கு வருவாள். ராவுத்தர் ஒரு பேரீச்சம்பழம் கொடுப்பார், இருவரும் ஒரே நேரத்தில் வாயில் போடுவார்கள். அவர் வீட்டு நோன்புக் கஞ்சி ஒரு தூக்கில் அவளுக்குப் போகும். அவள் அதைக் குடிப்பதை எல்லாரும் பார்த்தோம். ஒரு வேளையாவது இறங்குகிறதே என்று நாங்கள் ஆறுதல் பட்டோம். டாக்டரிடம் சொன்னபோது அவர் ஆறுதல் படவில்லை. பெருநாள் முடிந்த வாரத்துக்கு இரண்டாவது தேதி வைத்திருந்தார்.

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. காலையில், சாப்பாட்டுக்குப் பின் என்று கட்டாயமாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா சொன்னபடி நடக்கிறவள். காலையில் சாப்பாடு இல்லை, ஆகவே மாத்திரையும் இல்லை. யாரும் கேட்டிருந்தால் அதை அவள் மறைத்திருக்க மாட்டாள். நாங்கள் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா என்பது மட்டும்.

பெருநாளுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, கடையில் ஒரு கிழவரின் காதில் ஃபிரேமை வைத்துச் சரி பார்த்துக்கொண்டிருந்தவளின் வலது கை அப்படியே நழுவி இறங்கியது. வாய் ஒரு பக்கம் கோணியது. உதறுகிற அறைக்குள் தேங்கிய ரத்தம் கட்டியாகி மூளைக்கு ஏறியிருந்தது. என் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். மறுநாள் மத்தியானம்வரை இருந்தாள். கடைசிக் காகிதத்தை வேறு யாரையாவது எடுக்கச் சொல்லியிருக்கலாம். நான்தான் எடுத்தேன்.

சாயங்காலம் அவளை அவள் வீட்டு முன்னறையில் கிடத்தினார்கள். திருப்பூரிலிருந்து தம்பி வந்துகொண்டிருந்தான், அவன் வந்த பிறகுதான் எடுப்பது. தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சரியம், யாருக்கும் அழுகை வரவில்லை. கமலம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராவுத்தர் வாசற்படிக்கு வெளியே நின்றார், உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

பாங்கு கேட்டது.

அறையிலிருந்த அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் அசையவில்லை. யாரோ ஒருவர் பேரீச்சம்பழம் நீட்டினார், அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். பாங்கு முடிந்தது. எங்கள் அம்மா எழுந்தாள். அடுக்களையில் அக்காவின் குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“குடிங்க ராவுத்தரே.”

“இந்த வீட்டுல, இப்ப எப்படிம்மா...”

“குடிங்க. நீங்க குடிக்காம அவ அங்க காத்துக்கிட்டு கிடக்கறா.”

அவர் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். உட்கார்ந்து, ஏதோ முணுமுணுத்துவிட்டு, நிறுத்தாமல் குடித்தார். காலி தம்ளரை அம்மா வாங்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே முதல் அழுகை எழுந்தது.